எண்ணெயும் ஓதமும்: நிமிட்ஸின் பணிக்காலத்திலிருந்து

கடலோடிக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கடல் தானாக வந்துவிடும் என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படையை நடத்திய செஸ்டர் நிமிட்ஸ் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. அவருடைய தாத்தா ஜெர்மானிய வணிகக் கப்பல்களில் ஓடியவர். பேரன் 1885-இல் பிறந்ததோ டெக்சாஸின் உள்நாட்டில், கடல் வாடையே எட்டாத ஃப்ரெடெரிக்ஸ்பர்க்கில். அங்கே தாத்தா நடத்திய விடுதியின் முகப்பு கப்பல் போலவே கட்டப்பட்டிருந்தது. தந்தை இவர் பிறக்குமுன்பே இறந்துவிட்டதால் தாத்தாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தார். ஆனாலும் முதலில் விரும்பியது தரைப்படைக் கல்லூரியை. அங்கே இடம் கிடைக்காததால்தான் 1901-இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்குப் போனார். 1905-இல் 114 பேரில் ஏழாவதாகத் தேறினார்.

குடும்பம் தரமுடியாத பாடம் 1908 ஜூலையில் வந்தது. பிலிப்பைன்ஸின் படாங்காஸ் துறைமுகத்துக்குள் டெக்கேட்டர் என்ற நாசகாரிக் கப்பலை இளம் அதிகாரியாக ஓட்டிவந்தார். கரைக்கு அருகே வரும்போது செய்யவேண்டியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோபுரம், மலைமுனை, விளக்கு என்று கரையில் மூன்று குறிகளின் திசையைத் திசைகாட்டியில் பார்த்து வரைபடத்தில் கோடு போட வேண்டும். கோடுகள் வெட்டும் இடத்தில் கப்பல் இருக்கிறது. பிறகு ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரமும் உயரமும் தரும் அட்டவணை. வரைபடத்தில் அச்சான ஆழம் நீர் வற்றியிருக்கும் நேரத்துக்கானது. அதோடு அந்த நேரத்து ஓத உயரத்தைக் கூட்டி, கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் அளவைக் கழித்தால் அடியில் எவ்வளவு நீர் மிச்சம் என்று தெரியும். நிமிட்ஸ் குறிகளைப் பார்க்காமல் இடத்தை உத்தேசமாக வைத்துக்கொண்டார். ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்றும் பார்க்கவில்லை. கப்பல் சேற்றுத்திட்டில் ஏறி நின்றது. மறுநாள் காலை ஒரு சிறு நீராவிக் கப்பல் வந்து இழுத்துவிட்டது.

வற்றும் ஓதத்தில் தரைதட்டினால் ஒவ்வொரு நிமிடமும் பிடி இறுகும். எஞ்சினைப் பின்னோக்கி முழு வேகத்தில் சுழற்றுவதும் ஆபத்து: சுழலி (கப்பலை உந்தும் விசிறி) கிளப்பும் சேறு கடல்நீர் உறிஞ்சும் வாயில் புகுந்து குளிர்விப்பை அடைத்துவிடும். முதலில் கப்பலைச் சுற்றி ஆழம் பார்த்து, எந்தப் பக்கம் நீர் இருக்கிறது என்று தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். நிமிட்ஸ் நடந்ததைத் தானே மேலிடத்துக்குத் தெரிவித்தார். ராணுவ நீதிமன்றம் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்துக் கண்டித்தது, வேலை போகவில்லை. அறியாமையால் தரைதட்டும் கப்பல்கள் குறைவு. தெரிந்த அட்டவணையைத் திறக்காமல் விட்டதால் தட்டுபவையே அதிகம்.

பிறகு வந்த ஆண்டுகள் நீர்மூழ்கிகளிலும் டீசல் எஞ்சின்களிலும் கழிந்தன. அன்றைய பெட்ரோல் நீர்மூழ்கிகளில் ஆவி உள்ளேயே தேங்கும். ஒரு பொறி போதும். 1913-இல் டீசல் கற்க ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். ஒருமுறை எஞ்சினை விருந்தினர்களுக்குக் காட்டும்போது கையுறை பற்சக்கரத்தில் சிக்கி இடது கை மோதிர விரலில் ஒரு பகுதி போயிற்று. கல்லூரி மோதிரம் இடையில் அகப்பட்டதால் கை தப்பியது. சுழலும் எஞ்சினருகே கையுறை கூடாது என்று இன்றும் சொல்வது இதற்காகத்தான்.

அவர் டீசல் பொருத்திய மாமீ என்ற எண்ணெய்க் கப்பல் 1916-இல் சேவைக்கு வந்தது. 1917-இல் முதல் உலகப்போருக்காக அமெரிக்க நாசகாரிகள் அயர்லாந்துக்குப் போகவேண்டியிருந்தது. அட்லாண்டிக்கைக் கடக்க அவற்றின் எண்ணெய் போதாது. மே 28 அன்று கிரீன்லாந்துக்குத் தெற்கே, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமீ எண்ணெய் ஊட்டத் தொடங்கியது. நிமிட்ஸ் அதில் துணைத் தலைவர், தலைமைப் பொறியாளரும்கூட. நாசகாரி பக்கவாட்டில் வரும். அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) தடித்த இழுவடம், பக்கத்தில் பிடிவடங்கள், நடுவே ரப்பர் குழாய். வேகம் சுமார் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல்.

இதில் எது கெடும்? இரண்டு கப்பல்களின் உடல்களுக்கு நடுவே நீர் விரைந்து ஓடுவதால் அழுத்தம் குறைந்து கப்பல்கள் ஒன்றையொன்று உறிஞ்சும். அணியத்திலோ அழுத்தம் கூடித் தள்ளும். அதனால் பின்னாலிருந்து நெருங்கும்போதும் விலகும்போதும்தான் மோதல் வரும். எண்ணெய்க் கப்பல் திசையையும் வேகத்தையும் மாற்றவே கூடாது. வாங்கும் கப்பலே சுழலியின் சுற்றுகளைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குறைத்து ஒட்டிநிற்க வேண்டும். குழாய் தளர்வாகத் தொங்க வேண்டும், அதன்மேல் இழுவை விழக்கூடாது. வடத்தை வெட்டக் கோடரி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்று இடைவெளி சுமார் 50 மீட்டர், வேகம் 12 முதல் 16 நாட். முதலில் மெல்லிய கயிறு சுடப்படும், அதைப் பிடித்துத் தடித்த வடமும் குழாயும் போகும். வண்ணக் கொடி கட்டிய தூரக்கயிறு இடைவெளியைக் காட்டிக்கொண்டே இருக்கும். நம் கடற்படையின் தீபக், சக்தி கப்பல்கள் செய்வதும் இதே வேலைதான்.

1941 டிசம்பர் 31 அன்று ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில், கிரேலிங் என்ற நீர்மூழ்கியின் தளத்தில் நின்று நிமிட்ஸ் பசிபிக் கடற்படைப் பொறுப்பை ஏற்றார். அந்த மாதம் நடந்த ஜப்பானியத் தாக்குதலில் போர்க்கப்பல்கள் சில மூழ்கிக் கிடந்தன. எண்ணெய்த் தொட்டிகளும் பழுதுபார்க்கும் தளமும் நீர்மூழ்கித் தளமும் தப்பியிருந்தன. தொட்டிகள் எரிந்திருந்தால் கடற்படை கலிஃபோர்னியாவுக்குப் பின்வாங்கியிருக்க வேண்டும். எண்ணெய் ஊட்டிப் பழகிய மனிதருக்கு அந்தத் தொட்டிகளின் மதிப்பு புரியாமலா இருந்திருக்கும்! 1944 முடிவில் மேற்குப் பசிபிக்கின் உலிதி பவளத்தீவே கப்பல்களால் ஆன துறைமுகமாகிவிட்டது. மிதக்கும் பழுதுத்தளங்களும் எண்ணெய்க் கப்பல்களும் அங்கே நின்றன. போர்க்கப்பல்கள் பேர்ல் துறைமுகத்துக்குத் திரும்பாமலே மாதக்கணக்கில் முன்னணியில் இருக்க முடிந்தது.