கார்கிவில் இரண்டு நாள், ஸ்லோவியான்ஸ்கில் பன்னிரண்டு வாரம்

மொழி எல்லை வேறு, மாநில எல்லை வேறு என்று திருத்தணி, நகரி, சித்தூர் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சித்தூரில் தமிழ் பேசும் வீடு, திருத்தணியில் தெலுங்கு பேசும் வீடு. எல்லை நடுவராகப் படாஸ்கர் வந்து பார்த்து, 1959-ல் சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்த பிறகும் இரண்டு பக்கமும் மனக்குறை மிச்சம்தான். அதனாலேயோ என்னவோ, கிழக்கு உக்ரைனின் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் சேர்ந்த டான்பாஸ் பேச்சு வந்தால் டீக்கடையில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "ரஷ்ய மொழி பேசுறவன் ரஷ்யாவோட போறேங்குறான், விடுங்கய்யா."

அப்படியானால் உக்ரைனின் கார்கிவ் ஏன் போகவில்லை?

2014 ஏப்ரல் 6, 7 தேதிகளில் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கார்கிவ் மூன்று ஊரிலும் ரஷ்ய ஆதரவாளர்கள் அரசுக் கட்டடங்களைப் பிடித்தார்கள். மூன்றிலும் தெருவில் கேட்பது ரஷ்ய மொழிதான். கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை சுமார் 40 கிலோமீட்டர். அங்கேயும் 'மக்கள் குடியரசு' அறிவித்தார்கள். (மாநகராட்சி என்று நினைத்து நாடக அரங்குக்குள் புகுந்த கூட்டமும் அங்கேதான். உள்ளூர்க்காரனுக்கு அந்த வழி தெரியாதா என்று அப்போதே கேலி பேசினார்கள்.) உக்ரைன் அரசு உள்ளூர் போலீசை நம்பாமல் வெளியூர்ச் சிறப்புப் படையை இறக்கியது; 8-ம் தேதி காலையில் கட்டடத்தை மீட்டார்கள். குடியரசு அத்தோடு சரி.

டொனெட்ஸ்க் வட்டாரத்து ஸ்லோவியான்ஸ்கில் நடந்தது வேறு. ஏப்ரல் 12 அன்று இகோர் கிர்கின் ஐம்பது பேர் சொச்சத்தோடு அங்கே வந்தார். ரஷ்யக் குடிமகன், ரஷ்ய உளவுத்துறையில் இருந்தவர், கிரிமியாவை ரஷ்யா பிடித்த வேலையை முடித்த கையோடு வந்தவர். முதலில் பிடித்தது போலீஸ் நிலையம். காரணம், துப்பாக்கி இருப்பது அங்கேதான். அடுத்தது உக்ரைன் உளவுத்துறை அலுவலகம். கார்கிவிலிருந்து ரோஸ்தோவ் போகும் நெடுஞ்சாலை அந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. ஊரைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. ஜூலை 5 அன்றுதான் காலி செய்தார், சரியாகப் பன்னிரண்டு வாரம். தன் ஆட்கள் எல்லை தாண்டி வந்திருக்காவிட்டால் கதை கார்கிவ் மாதிரியே முடிந்திருக்கும் என்று பிறகு அவரே பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2014 பிப்ரவரி 23 அன்று, ரஷ்ய மொழிக்கு வட்டார அந்தஸ்து தந்த 2012 சட்டத்தை ரத்து செய்ய கீவ் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டது. படுமுட்டாள்தனம். தற்காலிக அதிபர் கையெழுத்துப் போடவில்லை, சட்டம் அப்போது அப்படியே இருந்தது. ஆனால் பயம் பரவிவிட்டது. அந்தப் பயம் கூட்டம் சேர்க்கும். விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் பூக் ஏவுகணையை அது கொண்டுவராது. ஜூலை 17 அன்று 298 பேரோடு மலேசிய விமானத்தை டான்பாஸ் வானில் வீழ்த்திய பூக், ரஷ்ய ராணுவத்தின் 53-வது படையணியுடையது என்று சர்வதேச விசாரணைக் குழு கண்டறிந்தது.

ஆக, எல்லை யார் கையில் என்பதுதான் கேள்வி. 2015 பிப்ரவரி 12-ன் இரண்டாம் மின்ஸ்க் போர்நிறுத்த ஒப்பந்தம் சிக்கியதும் இங்கேதான். பீரங்கிகளுக்கிடையே எவ்வளவு தூரம் என்பதை விவரமாக எழுதினார்கள்: 100 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவைக்கு 50 கிலோமீட்டர், சரமாரி ராக்கெட்டுகளுக்கு 70, ஸ்மெர்ச் மாதிரி பெரிய ராக்கெட்டுகளுக்கு 140. ஒன்பதாம் அம்சம்தான் வில்லங்கம். பிரிவினையாளர் பிடித்த பகுதியில் உள்ளூர்த் தேர்தல் முடிந்த மறுநாள்தான் எல்லையை உக்ரைனிடம் திருப்பித் தரத் தொடங்குவார்களாம். எல்லை கையில் இல்லாமல் தேர்தலா என்றது உக்ரைன். தேர்தல் இல்லாமல் எல்லையா என்றது ரஷ்யா. உக்ரைன் கையைவிட்டுப் போன எல்லை சுமார் 400 கிலோமீட்டர். ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பின் பார்வையாளர்கள் நிரந்தரமாக நின்றது இரண்டே சோதனைச் சாவடிகளில். ஏழு வருடம் இப்படியே ஓடியது.

அதற்குள் மற்ற வேலைகள் நடந்தன. 2014 கடைசியில் கீவ் அந்தப் பகுதிக்குப் பென்ஷனை நிறுத்தியது. வாங்க வேண்டுமானால் இடம்பெயர்ந்தவர் என்று பதிந்து, போர்க் கோடு தாண்டி உக்ரைன் பக்கம் வர வேண்டும். லுஹான்ஸ்க் பக்கம் இருந்தது ஸ்டானிட்சியா பாலம் ஒன்றுதான், அதுவும் நடந்து போக மட்டும். இடிந்த இடத்தில் மரச் சரிவு. 2019 நவம்பர் வரை கிழவிகள் அதில்தான் ஏறி இறங்கினார்கள். கீவ் தன் மக்களையே தள்ளிவிட்ட இடம் இது. ரஷ்யா ரூபிளைப் புழக்கத்தில் விட்டது; 2019 ஏப்ரலில் பாஸ்போர்ட்டை எளிதாக்கி லட்சக்கணக்கில் கொடுத்தது. 2022 பிப்ரவரி 21-ல் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் இரண்டையும் தனி நாடுகளாக அங்கீகரித்தது, மூன்றாம் நாள் படையெடுப்பு.

மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்திரியாவில் இதே முறைக்கு வயது அதிகம். 1992 போரில் அங்கே இருந்த ரஷ்யாவின் 14-வது ராணுவம் கைகொடுத்தது. இன்றும் சுமார் 1,500 ரஷ்யச் சிப்பாய்கள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், பணம் கட்டாமல் வந்த ரஷ்ய எரிவாயு. வீடு, எஃகு ஆலை, மின் நிலையம் எல்லாம் அதில்தான் ஓடின. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழிக் குழாய் மூடியது. அன்றைக்கே அதன் தலைநகர் டிராஸ்போலின் அடுக்குமாடிகளில் வெந்நீரும் கணப்பும் நின்றன. மின் நிலையம் நிலக்கரிக்கு மாறியது.