பரண் துப்பாக்கிகளை என்ன செய்வது?

2022 நவம்பர் 25 முதல் டிசம்பர் 2 வரை பிரான்ஸ் அரசு ஒரு வார அவகாசம் கொடுத்தது. பதிவு செய்யாத துப்பாக்கி வீட்டில் இருந்தால் கொண்டுவந்து ஒப்படைக்கலாம். எப்படி வந்தது என்று ஆவணம் காட்ட வேண்டாம், வழக்கும் வராது. சட்டம் இடம் கொடுக்கும் வகைத் துப்பாக்கி என்றால், அங்கேயே தன் பெயரில் பதிந்துகொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நாடெங்கும் சுமார் 300 மையங்கள். நான் புதுச்சேரியில் பிறந்து, கிழக்கு பிரான்சில் ஒரு பிரெஃபெக்சரில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், ஆயுதப் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறவன். வேட்டைக்காரர்களின் உரிமம், துப்பாக்கி சுடும் கிளப்காரர்களின் புதுப்பித்தல், இவைதான் எங்கள் அன்றாடம். துப்பாக்கியைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம், அதன் தொடர் எண்ணைத்தான் பார்ப்போம். அந்த வாரம் எங்களையும் போலீசாரோடு மையத்தில் உட்கார வைத்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள், அல்லது அப்பா அம்மா காலமான வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள். போர்வையில் சுற்றியும் தூண்டில் பையில் போட்டும் பழைய திரைச்சீலையில் கட்டியும் கொண்டுவந்தார்கள். எல்லோர் முகத்திலும் பயம். பயப்படக் காரணமும் உண்டு, பதிவில்லாத துப்பாக்கி வைத்திருப்பது இங்கே சிறை வரை போகக்கூடிய குற்றம். ஆனால் இந்த மனிதர்கள் துப்பாக்கியைத் தேடிப் போய் வாங்கியவர்கள் இல்லை. வீட்டோடு சேர்ந்து அதுவும் அவர்கள் தலையில் விழுந்தது. பதிவில்லாத ஆயுதம் வைத்திருப்பவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் இருக்கலாம், அவர்களில் பெரும்பாலோருக்கு அது வாரிசாக வந்தது என்று அரசே மதிப்பிட்டிருந்தது.

இத்தனை துப்பாக்கிகள் பரணுக்கும் களஞ்சியத்துக்கும் எப்படிப் போயின என்று கேட்டால், இரண்டு உலகப் போர்களையும் சொல்ல வேண்டியிருக்கும். 1918-ல் வீடு திரும்பியவர்கள் நினைவுக்கென்று எதையாவது எடுத்து வந்தார்கள். 1940-ல் ஜெர்மன் ராணுவம் உள்ளே வந்ததும், எல்லா ஆயுதங்களையும் ஊர் மேரியில், அதாவது நகராட்சியில் ஒப்படைக்கச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டியது. வேட்டைத் துப்பாக்கியும் அதில் அடக்கம். ஒளித்து வைத்தால் மரண தண்டனை. அப்படியும் நிறைய பேர் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, தோட்டத்தில் புதைத்தார்கள். பிறகு பிரிட்டிஷ் விமானங்கள் இரவில் பாராசூட்டில் இறக்கிய உருளைப் பெட்டிகளில், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து ரகசியமாகப் போராடிய எதிர்ப்பு இயக்கத்துக்கு ஸ்டென் துப்பாக்கிகள் வந்தன. நாடு விடுதலையானதும், 1944 அக்டோபர் 28 அன்று, தெ கோல் அரசு ஊர்க் காவல் படைகளைக் கலைத்து ஆயுதங்களைத் திருப்பித் தரச் சொன்னது. நேற்று வரை துப்பாக்கி ஒளித்ததற்காகவே உயிர் போகும் நிலையில் இருந்தவனிடம் இன்று அதைக் கொடுத்துவிடு என்றால் எப்படிக் கொடுப்பான்? போர் மறுபடி வராது என்று அன்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பலர் கொடுக்கவில்லை. இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர், ஒரு ஸ்டென்னோடு வந்த மூதாட்டி. மாமனாரின் வைக்கோல் களஞ்சியத்தில் இருந்ததாம். பாராசூட் துணியின் ஒரு துண்டில் சுற்றியிருந்தது. ஸ்டென் பார்க்க ஏதோ குழாய்க் கடையில் ஒட்டிச் செய்தது போல இருக்கும். 1941-ல் ஆயுதத் தட்டுப்பாட்டில் பிரிட்டன் மலிவாகவும் வேகமாகவும் செய்து தள்ளிய 9 மில்லிமீட்டர் சப்-மெஷின் கன். 32 தோட்டா கொள்ளும் மேகசின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மேகசின் மாட்டிய நிலையில் கீழே விழுந்தாலே சுட்டுவிடும் என்று பெயர் வாங்கியது. தானியங்கி என்பதால் இதை யாரும் பதிந்து வைத்துக்கொள்ள முடியாது, அரசிடம் விட்டுவிட வேண்டியதுதான். என் பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் அதைச் சோதித்து, மேகசின் காலி என்று உறுதி செய்து, தட்டில் வைத்தார். "அவ்வளவுதான் மதாம், நாங்கள் எதுவும் கேட்கப் போவதில்லை, நீங்கள் போகலாம்" என்றார் ஆறுதலாக.

அவர் எழுந்திருக்கவில்லை. "முசே, இது எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தார்கள் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சொல்வதற்குத் தயாராக வந்திருந்தார். பெட்டி இறங்கிய வயல் எது, அதை இழுத்து வந்த மூன்று பேர் யார், அதில் 1944 கோடையில் பிடிபட்டுத் திரும்பி வராதவர் யார் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். மாமனார் சாகும் முன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் முன்னால் இருந்த படிவத்தில் வகை, மாதிரி, எண், நிலை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. வயலுக்கும் அந்த மூன்று பேருக்கும் கட்டம் இல்லை. பின்னால் வரிசை வேறு நீண்டுகொண்டிருந்தது. நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாளை எங்கே அனுப்புவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கண்டெடுக்கப்படும் போர்க்கால ஆயுதத்தை என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி எனக்கு ஒரு தெளிவு வந்தது இங்கிருந்துதான்.

முதலில் விவாதமே இல்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். வெடிக்கக்கூடியது எதுவாக இருந்தாலும் அழிக்கப்பட வேண்டும். கையெறி குண்டு, பீரங்கிக் குண்டு, மோர்ட்டார், எதையும் மையத்துக்குக் கொண்டுவர வேண்டாம், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள் என்று அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அப்படியும் ஒருவர் காரின் பின்பெட்டியில் ஒரு முதல் உலகப் போர்க் கையெறி குண்டோடு வந்து நின்றார். அறுபது வருடமாக அலமாரியில் இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே என்கிறார். வாகன நிறுத்துமிடத்தையே காலி செய்து, வெடிகுண்டு அகற்றும் பிரிவு வரும் வரை எல்லோரும் தெருவின் மறுமுனையில் நின்றோம். அந்தப் பிரிவு 1945-ல் போர் மிச்சங்களை அகற்றத் தொடங்கிய அமைப்பின் வாரிசு. அன்று அந்தப் பணிக்குத் தலைமை வகித்தவர் எதிர்ப்பு இயக்க வீரர் ரேமோன் ஓப்ராக். இன்றும் அவர்கள் ஆண்டுக்குச் சுமார் 500 டன் பழைய வெடிபொருட்களை எடுக்கிறார்கள். அரசின் கையில் வந்துவிட்டால் ஆபத்து போய்விடும் என்றும் சொல்ல முடியாது. 2001 ஏப்ரலில் வட பிரான்சின் விமி என்ற ஊரில் சேர்த்து வைத்திருந்த முதல் போர் விஷவாயுக் குண்டுகள் கசியலாம் என்று பயந்து, 12,000-க்கும் மேற்பட்டவர்களை ஊரை விட்டு வெளியேற்றித்தான் அவற்றை சுயிப் ராணுவ முகாமுக்கு எடுத்துப் போனார்கள். எனவே குண்டு விஷயத்தில் நினைவு, வரலாறு, அருங்காட்சியகம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் காது கொடுப்பதில்லை. படம் எடுத்துக்கொள்ளலாம், அது போதும்.

துப்பாக்கி அப்படியில்லை. அதைச் செயலிழக்கச் செய்ய முடியும், வைத்துப் பார்க்க முடியும். இங்கேதான் கருத்து பிரிகிறது. சிலர் எல்லாவற்றையும் உருக்கு என்பார்கள். சிலர் ஒன்றைக்கூட உருக்காதே என்பார்கள். அந்த வாரம் நாடு முழுக்கத் திரட்டப்பட்டவை சுமார் 1,50,000 ஆயுதங்கள், 40 லட்சம் தோட்டாக்கள். இதில் வரலாற்று மதிப்புள்ளவற்றை அருங்காட்சியகங்களுக்காகத் தனியே எடுத்து வைக்க ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த அருங்காட்சியகமும் இருபதாவது மாஸ்-36 என்ற பழைய பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளாது, வாங்கச் சொல்வதும் நியாயமில்லை. பாதுகாப்பு அறை, எண்ணெய், ஆள், காப்பீடு என்று ஒவ்வொரு இரும்புக்கும் செலவு உண்டு. எனவே மாதிரியைப் பார்த்து, அரிதானதை எடுத்து, மற்றதை அழிப்பார்கள்.

அரிதானதைக் கண்டுபிடிக்கவும் கண் வேண்டும். 2012-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நடந்த துப்பாக்கி ஒப்படைப்பு நிகழ்ச்சியில் ஒரு பெண், அப்பா ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது என்று ஒன்றைக் கொடுத்தார். ஜெர்மனியின் எஸ்டிஜி-44, இன்றைய அசால்ட் ரைஃபிள்களுக்கெல்லாம் முன்னோடி. வாங்கிய போலீசார் அடையாளம் கண்டதால் அது தப்பியது. அந்த மேஜையில் வேறு யாராவது இருந்திருந்தால் இரும்புத் துண்டாகியிருக்கும். எங்கள் மையத்திலும் எதிர்மாறாக ஒன்று அடிக்கடி நடந்தது. 1886 மாதிரி லெபெல் துப்பாக்கியைக் கை நடுங்கக் கொண்டுவருவார்கள். 1900-க்கு முந்தைய மாதிரிகள் பொதுவாகப் பதிவே தேவைப்படாத வகையில் வரும். இதைத் தாத்தாவின் நினைவாக நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் சிலர் அழுதுவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதும் எங்கள் வேலையின் ஒரு பகுதி என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய அளவில் பதுக்கியவர்கள் கதை வேறு. ஜெர்மனியில் கீல் நகருக்கு அருகே ஹைக்கென்டார்ஃப் என்ற ஊரில், 2015 ஜூலையில் ஒரு முதியவர் வீட்டின் நிலவறையிலிருந்து இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்று வெளியே வந்தது. கூடவே 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி, ஒரு டார்பிடோ, மோர்ட்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். சுமார் 45 டன் டாங்கியை வெளியே இழுக்க இருபது ராணுவ வீரர்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. ஊருக்கு இது ரகசியமே இல்லை. 1978-ன் கடும் பனிக்காலத்தில் வீட்டுக்காரர் அந்த டாங்கியை ஓட்டிப் போனதை மேயரே நினைவுகூர்ந்தார். 2021-ல் நீதிமன்றம் அவருக்கு 14 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 2,50,000 யூரோ செலுத்தவும் விதித்தது. டாங்கியையும் பீரங்கியையும் இரண்டு ஆண்டுக்குள் அருங்காட்சியகத்துக்கோ உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்கோ விற்கவோ கொடுக்கவோ வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பகுதி எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. தனி மனிதன் வீட்டு நிலவறை பாந்தருக்கு இடமில்லை, ஆனால் உருக்கிவிடவும் வேண்டியதில்லை. தோட்டாக்களுக்கும் டார்பிடோவுக்கும் அவரைத் தண்டித்ததிலும் எனக்கு மறுப்பில்லை. பணம் கொடுத்துச் சேர்த்து மறைத்தவரையும், மாமனார் களஞ்சியத்தைச் சுத்தம் செய்யப் போய்க் கண்டெடுத்தவரையும் ஒரே சட்டப்பிரிவில் நிறுத்துவதுதான் தவறு. மன்னிப்புக் காலம் என்ற ஏற்பாட்டின் நியாயமே அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

சரி, மன்னிப்பு கொடுத்தாயிற்று, ஆபத்தானதை அழித்தாயிற்று, அரிதானதை எடுத்து வைத்தாயிற்று. நடுவில் விடுபடுவது அந்த மூதாட்டி கொண்டுவந்த மூன்று பேரின் கதை. ஸ்டென் அரிதானதல்ல, லட்சக்கணக்கில் செய்தார்கள். அது அழிக்கப்படுவதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்த ஸ்டென் எந்த வயலில் இறங்கியது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

2013-ல் இதே அரசு, முதல் உலகப் போரின் நூற்றாண்டை ஒட்டி, 'கிராந்த் கொலெக்ட்' என்ற பெயரில் வீட்டுக் கடிதங்களையும் புகைப்படங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டுவரச் சொல்லி மக்களை அழைத்தது. மாவட்ட ஆவணக் காப்பகங்களில் அதிகாரிகள் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டு, படியெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மக்கள் சாரை சாரையாக வந்தார்கள். அந்தக் கடிதங்கள் இருந்த அதே டிரங்குப் பெட்டியின் அடியில்தான் பல வீடுகளில் துப்பாக்கியும் இருந்திருக்கும். அதை அன்று யாரும் எடுத்து வரவில்லை, வரவும் முடியாது. ஒன்பது ஆண்டு கழித்துத் துப்பாக்கி மட்டும் எங்கள் மேஜைக்கு வந்தது. ஒரு பெட்டியின் பாதி கலாச்சாரத் துறைக்கு, மீதி உள்துறைக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

அதனால் ஒப்படைப்பு மையங்களில் ஆவணக் காப்பகத்தின் ஆள் ஒருவர் தனி மேஜை போட்டு உட்கார வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பெயர் கேட்க வேண்டாம். விருப்பம் இருந்தால் மட்டும் அரைப் பக்கம்: எந்த ஊர், எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு, எதில் சுற்றியிருந்தது. துப்பாக்கியின் எண்ணோடு அந்தத் தாளும் போக வேண்டும், துப்பாக்கி உருகினாலும் தாள் இருக்க வேண்டும்.

எங்கள் பிரிவிலேயே இதற்கு எதிர்ப்பு வந்தது. கேள்வி கேட்க மாட்டோம் என்று சொல்லித்தானே வரவழைத்தோம், தாளை நீட்டினால் அடுத்த முறை யார் வருவார்கள் என்று மூத்த அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் தனி மேஜை என்கிறேன், சீருடைக்காரரிடமிருந்து தள்ளி, வெளியே போகும் வழியில். இன்னொருவர், வருகிற ஒவ்வொரு லூகர் பிஸ்டலும் தாத்தா ஒரு ஜெர்மன் அதிகாரியிடம் பிடுங்கியது என்றுதான் சொல்வார்கள், பாதி பொய் என்றார். இருக்கட்டும். ஒரு குடும்பம் எண்பது ஆண்டு எதை நம்பிக்கொண்டிருந்தது என்பதும் பதிய வேண்டிய விஷயம்தான், சரிபார்ப்பது ஆய்வாளர் வேலை. பாராசூட் இறங்கிய வயல் போன்ற தகவலைச் சரிபார்க்க மற்ற ஆவணங்களும் உண்டு. என் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. நானும் விடப்போவதில்லை. எங்கள் பிரிவுக்கு யார் தொலைபேசியில் கேட்டாலும், ஒப்படைக்கும் விவரத்தோடு காப்பகத்தின் முகவரியையும் சொல்லி வருகிறேன்.

இங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் சிலர் விலை குறைவு என்று சிற்றூர்களில் பழைய கல்வீடுகளை வாங்குகிறார்கள். பரணையும் நிலவறையையும் சுத்தம் செய்யும்போது ஏதாவது கிடைத்தால், குண்டு மாதிரி எது தெரிந்தாலும் தொடாமல் விலகி, போலீஸ் அவசர எண்ணான 17-க்கு அழையுங்கள். துப்பாக்கி என்றால் மன்னிப்பு வாரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், எந்த நாளிலும் போலீசிடமோ, சிற்றூர்ப் பகுதிகளைக் காக்கும் ஜாந்தார்மரியிடமோ விட்டுவிடலாம். ஆனால் தூக்கிக்கொண்டு போகாமல் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். எந்த மூலையில், எதில் சுற்றி இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்றவரின் குடும்பம் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், கதை அவர்களிடம்தான் இருக்கும். பக்கத்தில் கிடக்கும் காகிதங்களைக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.