திரும்பிப் பார்க்காமல் 297 கிலோமீட்டர்

கம்பர்லாண்டில் சைக்கிளில் ஏறிய முதல் பத்து நிமிடத்திலேயே அக்கா நான்கு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. ஈரச் சருகும் எங்கள் டயர்த் தடமும்தான்.

"எதுக்குக்கா திரும்பறே? இங்க காரே வராது."

"தெரியும்டா. கழுத்து தானா திரும்புது."

மூன்று வருடத்துக்கு முன் நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையை உரசிவிட்டுப் போனது. எலும்பு முறியவில்லை, சிராய்ப்புதான். ஆனால் அன்றோடு சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டாள். சாலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் இது புரியும். கண் முன்னால் இருந்தாலும் காது முழுக்கப் பின்னால்தான் இருக்கும். வருகிறது காரா லாரியா, ஒதுங்கிப் போகிறதா உரசிப் போகிறதா என்று சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டு ஓட்டுவோம். அந்தக் கணக்கே தேவைப்படாத ஒரு பாதையைத் தேடித்தான் சி அண்ட் ஓ என்று சொல்லப்படும் செசபீக் ஒஹாயோ கால்வாய்க்கு வந்தோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள கம்பர்லாண்டில் தொடங்கி, பொட்டாமக் ஆற்றை ஒட்டியே வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை ஓடுகிறது இந்தக் கால்வாய்க் கரைப் பாதை. 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர். ரயிலில் சைக்கிள்களோடு கம்பர்லாண்ட் போய் இறங்கி, ஆறு ஓடும் திசையிலேயே ஐந்து நாள் ஓட்டுவது என்று திட்டம். அக்டோபர் முதல் வாரம்.

பாதை இவ்வளவு சமமாக இருப்பதற்குக் காரணம் கோவேறு கழுதைகள். இரண்டோ மூன்றோ கழுதைகள் கரையில் நடந்தபடி, நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகை நீளமான கயிற்றால் இழுத்துப் போகும். பல நேரம் அவற்றை ஓட்டிக்கொண்டு கூடவே நடந்தது படகுக்காரரின் பிள்ளைகள்தான். கால்வாயில் தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும் என்பதால் கரையும் மட்டமாகத்தான் இருக்கும். மொத்த வழிக்கும் 605 அடி இறக்கம். அதை 74 லாக்குகளில் பிரித்திருக்கிறார்கள். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ சுமார் எட்டடி ஏற்றி இறக்குவார்கள். சைக்கிளில் போகும்போது இது உடம்புக்கே தெரிகிறது. மைல் கணக்கில் சமதளம், திடீரென்று ஒரு கல் தொட்டி, பக்கத்தில் லாக் காவலரின் சிறு வீடு, அங்கே மட்டும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டதுபோல ஒரு சின்ன இறக்கம். அப்புறம் மறுபடி சமதளம்.

முதல் நாள் மாலை பா-பா (Paw Paw) சுரங்கம். முழுப் பயணத்திலும் என்னை அதிகம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். இங்கே ஆறு வளைந்து வளைந்து ஆறு மைல் சுற்றுவதைத் தவிர்க்க மலையைக் குடைந்திருக்கிறார்கள். 1836-ல் தொடங்கியபோது இரண்டு வருட வேலை என்றுதான் நினைத்தார்கள். பணமும் தீர்ந்து, தொழிலாளர் தகராறும் சேர்ந்து, முடிக்க 1850 ஆகிவிட்டது. நீளம் 3,118 அடி, உள்ளே சுமார் அறுபது லட்சம் செங்கல். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனோம். ஒரு பக்கம் ஈரச் சுவர், மறுபக்கம் மரக் கைப்பிடி, அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் கைப்பிடியைத் தடவிப் பார்த்தால் படகுக் கயிறு உராய்ந்த பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. நடுவில் விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். எங்கோ சொட்டு விழும் சத்தம் மட்டும். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை.

சுரங்கத்தைத் தாண்டியதும் லாக் எண்கள் 66, 64⅔, 63⅓ என்று வருகின்றன. கட்டும்போது ஒரு லாக்கைக் குறைத்துவிட்டு, மற்ற எண்களை மாற்றாமல் இப்படிச் சமாளித்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பின்னங்களை ரொம்பப் பிடித்துப்போனது.

இரவு முகாம்களில் தங்கினோம். சில மைல்களுக்கு ஒன்று, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும், கட்டணம் இல்லை. கழிப்பறை, அடுப்புக் குழி, மேசை, கைப்பம்பு. பம்புத் தண்ணீரில் அயோடின் வாடை அடிக்கும், எலுமிச்சைப் பொடி கலந்தால் குடிக்கலாம். படுத்த பிறகுதான் ரயில்கள் தொடங்கின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போவது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது. கால்வாயைத் தோற்கடித்ததே அந்த ரயில்பாதைதான். இரண்டு வேலையும் தொடங்கியது ஒரே நாளில், 1828 ஜூலை 4. ரயில் 1842-ல் கம்பர்லாண்ட் வந்து சேர்ந்தது. கால்வாய் வந்தது எட்டு வருடம் கழித்து. அப்படியும் 1924 வெள்ளம் வரை படகுகள் ஓடின.

இரண்டாம் நாள் மழை. கிராவல் என்று சொன்னாலும் மேற்குப் பகுதியில் பல இடம் மண்தான், நனைந்தால் களி. என் டயர் 42 மில்லிமீட்டர், அக்காவுடையது 38. அன்றைக்கு அந்த நான்கு மில்லிமீட்டர் பெரிய வித்தியாசமாக இருந்தது. போகிறவர்கள் 40-க்குக் குறையாமல், மட்கார்டில் நல்ல இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மணியும் கட்டாயம், இங்கே அது விதி. ஹான்காக்கை ஒட்டி, பழைய ரயில்பாதையில் தார் போட்ட சைக்கிள் பாதை ஒன்று கூடவே வருகிறது. சேற்றுக்கு அலுத்துப்போய் அதில் கொஞ்ச தூரம் ஓட்டினோம்.

மூன்றாம் நாள் வில்லியம்ஸ்போர்ட்டைத் தாண்டி பிக் ஸ்லாக்வாட்டர். பாறை செங்குத்தாக ஆற்றில் இறங்கும் இடம். கால்வாய் வெட்ட இடமில்லாமல் படகுகள் ஆற்றிலேயே போயிருக்கின்றன. பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே, ஆற்றைத் தொட்டுவிடலாம் போல ஒரு கான்கிரீட் நடைபாதை. அது திரும்பத் திறந்தது 2012-ல்தான். அதற்கு முன் இந்த இடத்தில் மட்டும் சைக்கிள்காரர்கள் குறுகலான சாலையில் ஏறிச் சுற்றிப் போகவேண்டியிருந்தது. வால்நட் காய்கள் தொப் தொப்பென்று விழும் சத்தம், கல்லில் ஆமைகள், நரைநிறக் கொக்கு ஒன்று. அக்கா காலையிலிருந்து ஒரு முறைகூடத் திரும்பவில்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். சொல்லவில்லை. சொன்னால் ஞாபகம் வந்துவிடும்.

நான்காம் நாள் மோனோகசி தொட்டிப்பாலம். ஏழு கல் வளைவுகள், 516 அடி. ஓர் ஆற்றின் மேல் கால்வாயையே தூக்கிக்கொண்டு போன பாலம் இது. அதன் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டபோது டக்ளஸ் கதையை அவளுக்குச் சொன்னேன். கைவிடப்பட்ட இந்தக் கால்வாயை அரசாங்கம் 1938-ல் வாங்கியது. அப்புறம் இதன் மேல் கார் சாலை போடத் திட்டம் வந்தது. 1954-ல் வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கமும் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்: சக்கர இரைச்சலும் ஹாரன் சத்தமும் இன்னும் கெடுக்காத இடம் இது, என்னோடு முழுத் தூரமும் நடந்து பாருங்கள் என்று. பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் கம்பர்லாண்டிலிருந்து கிளம்பிய கூட்டத்தில் கடைசி வரை நடந்தது ஒன்பது பேர். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-ல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

"அப்ப நாம உக்காந்திருக்கிற பக்கம் கார் போயிருக்கும்," என்றாள் அக்கா.

"போயிருக்கும்."

பாலத்தின் கல்லைக் கையால் ஒரு முறை தட்டிவிட்டு எழுந்தாள்.

கடைசி நாள் கிரேட் ஃபால்ஸ் பக்கம் ஒரே கூட்டம். குழந்தைகள், நாய்கள், வாடகை சைக்கிள்கள். எங்களுக்குப் பின்னால் யாரோ மணி அடித்தார்கள். அக்கா திரும்பாமலே வலப்பக்கம் ஒதுங்கிக் கையை அசைத்து வழிவிட்டாள்.

ராக் கிரீக் ஓடை பொட்டாமக்கில் சேரும் இடத்தில், படகுத்துறைக்குப் பின்னால் பூஜ்ஜியம் மைல் கல் இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டோம். ஐந்து நாள் கழித்து முதல் முறையாகக் கார்களின் இரைச்சல் விடாமல் கேட்டது. ரயில் நிலையத்துக்குத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். "டாக்சி பிடிக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

அவள் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள்.

"வேணாம். நீ எனக்குப் பின்னாடியே வா."