கையில் ஒரு கிளிக்கர்

நியூ ஜெர்சியில் பிள்ளையைப் பேஸ்பாலில் சேர்த்துவிட்டால் பெற்றோர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆட்டம் தெரிந்தவர்கள் உதவி கோச் ஆகிவிடுவார்கள். கொஞ்சம் தெரிந்தவர்கள் ஸ்கோர் எழுதுவார்கள். மதுரையிலிருந்து கிரிக்கெட்டோடு மட்டும் வந்து இறங்கிய எனக்கு ஒரு கிளிக்கரைக் கொடுத்தார்கள்; அழுத்தினால் எண் ஒன்று கூடும் சின்னக் கருவி. நம்ம பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஒரு பந்து வீசினால் ஒரு அழுத்து அழுத்த வேண்டும். வேறு வேலை இல்லை.

ஆனால் அந்த எண்ணிக்கைதான் இங்கே சட்டம். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் 2007 முதல் வயதுவாரியாக வரம்பு இருக்கிறது. 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 85 பந்து வீசலாம். 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயது வரை உள்ள பையன் 66 அல்லது அதற்கு மேல் வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு. 20-க்குள் நிறுத்திக்கொண்டால் மறுநாளே வீசலாம். அதனால் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எதிரணியின் கிளிக்கர்காரர் என்னிடம் வந்து கணக்கைச் சரிபார்ப்பார். "எத்தனை ஆச்சு?" என்று பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் கேட்பார்கள். இந்த ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் கிடைத்தது இப்படித்தான். அலுவலகத்தில் கிடைக்காத பழக்கம் அது.

பையனுக்குப் பதின்மூன்று ஆனதும் கர்வ் பால் ஆசை, அதாவது வளைந்து கீழே இறங்கும் பந்து போடும் ஆசை, வந்துவிட்டது. "நீங்கதான் ஆஃப் ஸ்பின் போடுவீங்களேப்பா, சொல்லிக்குடுங்க" என்றான். கோச்சைக் கேளு என்று நான் நழுவிவிட்டேன். கோச் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் ஃபாஸ்ட்பால் என்ற வேகப்பந்து நினைத்த இடத்தில் விழ வேண்டும், அடுத்து அதே வீச்சில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப் கைக்கு வர வேண்டும், பிறகுதான் கர்வ் என்றார். தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014-இல் கொண்டுவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டியும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது.

அப்புறம் ஒருநாள் சொல்லிக்கொடுத்தார். பிட்சர் நின்று வீசும் மவுண்ட் என்ற மேட்டில் அல்ல, புல்தரையில், பக்கத்தில் நின்று, மெதுவாக. பந்தின் ஒரு பாதியில் மார்க்கரால் கறுப்பு அடித்திருந்தார், சுழற்சி நேராக இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. நடுவிரல் தையலை ஒட்டி அழுத்தமாக, ஆள்காட்டி விரல் அதன் பக்கத்தில் சும்மா, கட்டைவிரல் அடியில். கை மேலே வரும்போதே உள்ளங்கை தலையைப் பார்த்திருக்க வேண்டும். இளநீர் சீவ அரிவாளை இறக்குவோமே, அந்த மாதிரி கை பக்கவாட்டில் இறங்கி வர, நடுவிரல் பந்தின் முன்பக்கத்தை இழுத்துவிடுகிறது. விடும் நேரத்தில் முன்கையை முறுக்கக் கூடாது. பையன் முறுக்கினால் கறுப்புப் பாதி தள்ளாடும். கோச் பந்தை வாங்கி வைத்துக்கொள்வார். முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே சரிந்தாலும் அன்றைய பாடம் முடிந்தது.

எனக்கு வியப்பு என்னவென்றால், இதில் தரைக்கு வேலையே இல்லை. நம் ஆஃப் ஸ்பின் பிட்ச்சில் பட்டபின் திரும்பும். இது முன்னோக்கிச் சுழல்வதால் காற்றே பந்தைக் கீழே அமுக்குகிறது. இன்னொன்று, கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீண்டால் பந்துவீச்சே செல்லாது; முரளிதரனை வைத்து எத்தனை வருடம் சண்டை போட்டோம்! இங்கே மடங்கி நீள்வதுதான் வீச்சு. அந்த இழுவை முழுக்க முழங்கையின் உட்புறத் தசைநாரில் போய் விழுகிறது. மேஜர் லீக் பிட்சர் டாமி ஜானுக்கு அது அறுந்தபோது 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே வைத்துக் கட்டினார். 1976-இல் திரும்பி வந்து ஜான் இன்னும் 164 ஆட்டங்களை வென்றார். அந்த அறுவைக்கே ஜான் பெயர்தான். பிள்ளைகளுக்கு இன்னும் சிக்கல், தசைநார் பற்றியிருக்கும் எலும்பு நுனியே வளர்ந்து முடியவில்லை.

கர்வ்தான் கையைக் கெடுக்கும் என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். அலபாமா, பர்மிங்ஹாமில் உள்ள ஏஎஸ்எம்ஐ என்ற விளையாட்டு மருத்துவ ஆய்வகம் அளந்து பார்த்தபோது, ஒழுங்காக வீசும் கர்வ் ஃபாஸ்ட்பாலைவிட முழங்கைக்கு அதிகச் சுமை தருவதாகத் தெரியவில்லை. களைத்த கையோடு வீசுவதுதான் பெரிய ஆபத்து. லிட்டில் லீக் கர்வைத் தடை செய்யவும் இல்லை. இருந்தாலும் கோச் காக்க வைத்தது சரி என்றே நினைக்கிறேன். கர்வில் விக்கெட் மாதிரி அவுட் கிடைக்க ஆரம்பித்தால் பையன்கள் வேறெதையும் வீச மாட்டார்கள்.

களைப்புக்கு வழி செய்வது பெற்றோர்தான். ஊர் அணியோடு, வெளியூர்களுக்குப் போய் ஆடும் ஒரு டிராவல் அணியும், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சியும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம்மவர்களுக்கு டியூஷன் பழக்கம் போகாதே! வருடத்தில் நான்கு மாதம் வீசாமல் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்வதை யாரும் படிப்பதில்லை. என் கிளிக்கருக்குச் சனிக்கிழமை அந்த டிராவல் அணியில் எத்தனை பந்து ஓடியது என்று தெரியாது. அதனால் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி இரு கோச்சுகளிடமும் காட்டுகிறேன். ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. அரையிறுதி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றார். நோட்டைத் திறந்து வைத்தே நின்றேன். அன்று பையன் பந்து வீசவில்லை, ரைட் ஃபீல்டில் நின்று ஆடினான்.