செவ்வாய்க்கிழமை 400

நவம்பர் 3, திங்கள்

டிசம்பரில் கோவை மாரத்தான். இந்த மாதச் செவ்வாய்க்கிழமைகளை இன்டர்வெல் பயிற்சிக்கு ஒதுக்கியாயிற்று. குறிப்பிட்ட தூரத்தை வேகமாக ஓடி, சற்று மெதுவாக ஓடி, மறுபடி வேகமாக ஓடும் பயிற்சி அது. நேரு ஸ்டேடியத்தில் 400 மீட்டர் டிராக் இருக்கிறது. ஆனால் வடவள்ளியிலிருந்து விடியலில் போய் வருவது வேலை நாளில் கட்டாது. ரேஸ்கோர்ஸ் இரண்டரை கிலோமீட்டர் வட்டம். நீண்ட ஓட்டத்துக்கு அருமை, இதற்குச் சரிப்படாது. அதனால் வீட்டருகே இருக்கும் பூங்காதான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் டேப் பிடித்து அளந்தோம். ஒரு சுற்று 270 மீட்டர். அதற்கு மேல் 130 மீட்டர் போனால் ஒரு புங்கமரம். அதனடியில் சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. மரங்களுக்குக் கீழே வாட்ச்சின் ஜிபிஎஸ் தடுமாறும். டேப் சொன்னால் சொன்னதுதான்.

ஐந்து கிலோமீட்டருக்கு எனக்கு 26 நிமிடம் ஆகிறது. அந்த வேகத்தில் 400 மீட்டர் என்றால் 2 நிமிடம் 5 விநாடி. எட்டுத் தடவை. நடுவில் 90 விநாடி மெதுவோட்டம்.

நவம்பர் 4, செவ்வாய்

கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு ஆரம்பித்தோம். முதல் ஓட்டத்தைத் தம்பி 1:48-இல் முடித்தான். நான் 2:05. "என்னங்ணா, இவ்வளவு மெதுவா?" என்றான். மூன்றாவது வரை எளிதாகத்தான் இருந்தது, இருக்கவும் வேண்டும். ஐந்தாவதில்தான் வேலை தெரிய ஆரம்பித்தது. வளைவு திரும்பும்போது தோள் தானாகக் காதை நோக்கி ஏறுகிறது, கை முஷ்டி பிடிக்கிறது. கையைத் தளர்த்தினேன், தோள் இறங்கியது, காலும் பழைய தாளத்துக்கு வந்தது. தம்பி ஆறாவதோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எட்டாவது எனக்கு 2:04.

நடைப்பயிற்சிக்கு வரும் அம்மா ஒருவர் மெதுவோட்டத்தின்போது கூடவே வந்து, "ஏங்கண்ணு, ஓடறதும் நிக்கறதுமா இருக்கறயே, மேலுக்கு ஏதும் முடியலயா?" என்று கேட்டார். "பயிற்சியே இப்படித்தானுங்கம்மா" என்றேன். அடுத்த சுற்றிலிருந்து தன் கூட்டத்தையே ஓரமாக நடக்க வைத்துவிட்டார். நல்ல மனசு.

நவம்பர் 7, வெள்ளி

ராத்திரியெல்லாம் மழை. ஓட்டம் இல்லை. தம்பி வந்திருந்தான். அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டே, நடுவில் வரும் அந்த 90 விநாடி எதற்கு என்று பேசினோம்.

ஜெர்மனியில் வோல்ட்மார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து வகுத்த முறை இது. வேக ஓட்டத்தில் நாடித்துடிப்பு 180 வரை ஏறட்டும், பிறகு ஒன்றரை நிமிடத்துக்குள் 120-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓட்டம் அளவுக்கு மீறியது என்று பொருள். இதயம் பலப்படுவது அந்த இடைவேளையில்தான் என்பது அவர்கள் கருத்து. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலானில் 800 மீட்டரை 1:46.6-இல் ஓடினார். அந்த உலக சாதனை 1955 வரை நின்றது.

நாற்பதைத் தாண்டிய எனக்கு 180 பொருந்தாது. நான் மூச்சைத்தான் பார்க்கிறேன். மெதுவோட்டம் முடிவதற்குள் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச வர வேண்டும். வந்தால் அடுத்தது. ஓய்வைக் குறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதைப் பலரும் வீரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

தரை ஈரம், புங்கமரத்தடியில் சருகு வழுக்கியது. சாக்பீஸ் கோட்டை மழை அழித்திருந்தது, மறுபடி போட்டோம். தம்பிக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: முதல் மூன்றில் என்னை முந்தாதே. முந்தவில்லை. அவனும் எட்டு முடித்தான், கடைசியை 1:58-இல். என்னுடையவை எல்லாம் 2:03-க்கும் 2:06-க்கும் நடுவில். எட்டாவது முடிந்ததும் இன்னொன்று ஓடலாம் போலிருந்தது. ஓடவில்லை, அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் 800 மீட்டர், ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 4:10. நடுவில் மூன்று நிமிடம் விட வேண்டும். நாளைக்கு மருதமலைப் பக்கம் மெதுவாக ஆறு கிலோமீட்டர் போதும்.