விட்ட மீன் போகல

இன்னிக்கு விடிகாலை பூலாவ் பேராக் தீவு பக்கத்துல சின்னதா ஒரு மேரா, செவப்பு மீன், மாட்டுச்சு. கையளவுதான், பாவம்னு தூக்கிப் போட்டேன்.

போகல.

வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது. உள்ள இருக்குற வயிறே வாய் வழியா பலூன் மாதிரி பிதுங்கி நிக்குது, கண்ணு ரெண்டும் வெளிய.

60 மீட்டர் ஆழத்துலேர்ந்து எலக்ட்ரிக் ரீல்ல சர்ருனு ஏத்திட்டேன்ல, அங்க இருக்குற அழுத்தம் மேல இருக்குறத விட 7 மடங்கு, மேல வர வர அதோட காத்துப்பை ஊதிக்கிட்டே வந்துருக்கு.

படக ஓட்டுற தெக்கோங் பாக்சிக் ஒன்னும் பேசல. தங்குஸ் நரம்புல ஈயக்குண்டு கட்டி, முள்ள நசுக்குன தூண்டிலத் தலகீழா மாட்டி, மீனோட ஒதட்டுல லேசா கோத்து, காத்துப்பை திரும்ப அமுங்கட்டும்னு அப்படியே ஆழத்துக்கு எறக்குனாரு. அடியில போனதும் ஒரு சுண்டு. தூண்டில் மட்டும் மேல வந்துச்சு.

பத்து வருசமா ‘விட்டுட்டேன் விட்டுட்டேன்’னு போட்டோ போட்டு லைக் வாங்குனவன் நான்!

இப்பதான் போன் லைன் கெடச்சுது, பினாங்கு பத்து மாவுங் படகுத்துறைய நெருங்கிட்டோம். ஐஸ் பெட்டி ரொம்பிருச்சான்னு வீட்டுல கேக்குறாங்க. ரொம்பிருச்சு லா.

அந்தக் குட்டி கீழ போயி நீந்துச்சான்னுதான் தெரியல.