ஏஜென்ட் வேலையிலிருந்து டெமரேஜ் டெஸ்க்குக்கு

ஏழு வருஷம் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறிப் பார்க்கும் போர்டிங் வேலை பார்த்தேன். சரக்கு முடிந்ததும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் தயாரித்துக் கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. கப்பல் எப்போது நங்கூரம் போட்டது, எப்போது துறைமுகத்தில் கட்டும் இடமான பெர்த்துக்கு வந்தது, மழை எத்தனை மணிக்கு, சரக்கறையின் மூடியான ஹேட்ச் எப்போது மூடினார்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளை வைத்து அப்புறம் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை. கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தமான சார்ட்டர் பார்ட்டியை ஏஜென்ட்டிடம் முழுசாகக் காட்டுவதும் அபூர்வம்.

ராத்திரி அழைப்புகளும் லாஞ்ச் படகுப் பயணமும் உடம்புக்கு ஒத்துவராமல் போனபோதுதான் டெமரேஜ் கணக்குப் பக்கம் போகலாம் என்று தோன்றியது. சரக்கு ஏற்றி இறக்க ஒப்பந்தத்தில் கொடுத்த நேரம் லேடைம். அது தீர்ந்தபிறகும் கப்பல் நின்றால், வாடகைக்கு எடுத்தவர் உரிமையாளருக்கு நாள் கணக்கில் டெமரேஜ் கட்ட வேண்டும். அந்தக் கணக்கு நான் எழுதிய அதே தாளிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஒரே பதில்: சார்ட்டர் பார்ட்டி அனுபவம் இல்லை. சரி என்று, பிம்கோ என்ற சர்வதேசக் கப்பல் துறைச் சங்கத்தின் ஜென்கான் 1994 என்ற மாதிரி சார்ட்டர் பார்ட்டி படிவத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கப்பல் சரக்கு வேலைக்குத் தயார் என்று அறிவிக்கும் நோட்டீஸ் ஆஃப் ரெடினஸை நண்பகல் 12 மணிக்குள் கொடுத்தால் லேடைம் 13 மணிக்குத் தொடங்கும். 12-க்குப் பிறகு அலுவலக நேரத்தில் கொடுத்தால் அடுத்த வேலைநாள் காலை 6 மணிக்குத்தான். படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 11.40-க்கு வந்த நோட்டீஸை 12.20 என்று பதிந்தால் 17 மணி நேரம் போய்விடுகிறது. நாளுக்கு 12,000 டாலர் டெமரேஜ் என்றால் அது 8,500 டாலர். பெற்றுக்கொண்ட நேரத்தைக் குறிக்கும்போது இவ்வளவு பணம் கையில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கப்பல் பெயர், ஆள் பெயர் எல்லாம் நீக்கிவிட்டு, நினைவிலிருந்த பழைய கப்பல்களின் நேரங்களை எக்செல்லில் போட்டுத் தினமும் ஒன்று கணக்குப் பார்த்தேன். படிவத்தைப் படித்ததை விட இதுதான் எனக்குக் கைகொடுத்தது.

நேர்முகத் தேர்வில் ஒரு ஸ்டேட்மென்ட்டும் சில ஷரத்துகளும் கொடுத்து, கணக்குப் போடச் சொன்னார்கள். லேடைமில் மழை நேரத்தைக் கழித்த கையோடு, லேடைம் தீர்ந்த பிறகு பெய்த மழையையும் கழித்துவிட்டேன். அது தப்பு. டெமரேஜ் ஓட ஆரம்பித்துவிட்டால், ஒப்பந்தத்தில் தெளிவாக விலக்கு இல்லாதவரை மழைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அது நிற்காது. அந்த இடம் கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் அதே கேள்வி வந்தது. கப்பல் உரிமையாளர் தரப்பு நிறுவனம், எடுத்துக்கொண்டார்கள்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு கோப்பு வந்தது. ஸ்டேட்மென்ட்டில் மழை, 12.00 முதல் 18.00 வரை என்று இருந்தது. மழை அப்படி ஷிஃப்ட் நேரம் பார்த்துப் பெய்யாது என்று எனக்கு உடனே பட்டது. அந்த மாதிரி வரியைக் கரையில் யார் எப்படி நிரப்புகிறார்கள் என்று தெரிந்தவன் நான். கப்பலில் நடப்பதை நேரத்தோடு எழுதிவைக்கும் டெக் லாக் கேட்டு வாங்கினேன். 15.20-க்கு மழை நின்று, 15.30-க்கு ஹேட்ச் திறந்திருக்கிறார்கள். சரக்கு வேலைக்கான ஆட்கள், அதாவது கேங், வந்தது 18 மணிக்கு. ஆள் வராமல் காத்திருந்த நேரம் மழைக் கணக்கில் வராது. லாக்கின் நகலோடு எழுதினோம், எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டது.

சம்பளம் முதல் வருஷம் கிட்டத்தட்ட பழையதுதான். கப்பலுக்குள் போகும் கேங்வே படியில் ஏறும் அந்த நிமிஷத்தை இன்னும் தேடுகிறது மனசு, அதை மறைக்க விரும்பவில்லை. இப்போது கப்பல் கிளம்புமுன் ஏஜென்ட்டுக்கு நான் எழுதுகிற மெயிலில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: மழை தொடங்கிய, நின்ற நேரம் தனியாக, வேலை நின்ற, மறுபடி தொடங்கிய நேரம் தனியாக எழுதுங்கள். கேப்டனுக்கும் ஒன்று சொல்கிறேன். நேரத்தில் உடன்பாடு இல்லையென்றால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே காரணத்தை எழுதிவிட்டுப் போடுங்கள்.